கதவக்கா

என் மனைவியோடு வெளியே போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எந்தக் கதவு வந்தாலும் அவளுக்கு முன்னால் நான் போய்விட முடியாது. கடையோ, வங்கியோ, சொந்தக்காரர் வீடோ, வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போதே என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே ஓடுவாள். கதவைத் திறந்து, முதுகால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டு நிற்பாள். நான் உள்ளே போகும்போது அவள் உதடு லேசாக அசையும். என்னை எண்ணுகிறாள். வந்திருப்பது ஒரே ஒருத்தன், இதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், "எண்ணாம விட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க" என்பாள்.

எங்கள் மகள் கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை விட்டு அவள் நகரவே இல்லை. பெண்ணைப் பெற்றவள் எவ்வளவு அன்பாகக் கதவைப் பிடித்துக்கொண்டு உபசரிக்கிறாள் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்குத்தானே தெரியும். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் என் காதருகே வந்து, "உள்ள போனது இருநூத்திப் பன்னெண்டு, வெளிய வந்தது இருநூத்திப் பதினொண்ணு" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. தேடிப் பார்த்தால் என் சித்தப்பா கை கழுவும் இடத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி வெளியே கொண்டுவந்து விட்ட பிறகுதான் அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்பாள். அறுபதை நெருங்குகிற ஆளிடம் சொல்கிற பேச்சா இது என்று ஒருமுறை எகிறினேன். அவள் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். வேறு வழி?

இருபத்தாறு வருடமாக அவள் மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டில் உதவியாளர். அங்கே அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கதவக்கா என்று கேட்டால் காவலாளி முதல் சமையல்காரர் வரை கையை நீட்டி வழி சொல்வார்கள்.

அந்தப் பெயர் வந்த கதையை நான் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அப்போதெல்லாம் வார்டுக்குள்ளேயே ஐந்து கதவுகள், ஐந்துக்கும் பூட்டு. படுக்கைக் கூடத்திலிருந்து குளியலறைப் பக்கம் போகும் கதவை வயதான நோயாளி ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். என் மனைவியிடம் அப்போது சாவி கிடையாது. சாவி வைத்திருந்தவர்கள் கோடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "அது அப்படித்தான் தட்டும், நீ வா" என்றார்களாம். அந்த அம்மா கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டார். பிறகு என் மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பாயிடுச்சும்மா, மன்னிச்சுக்க" என்றாராம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அழுதவள், "என் கையில சாவி வரட்டும், ஒருத்தரையும் கதவுகிட்ட நிக்க விட மாட்டேன்" என்றாள். பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவள். சாவி வந்தது. காலடிச் சத்தத்தை வைத்தே யார் எங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிப்பாள். அவர்கள் கதவை நெருங்குவதற்குள் அது திறந்திருக்கும். எட்டு வருடத்துக்கு முன்னால், உள்கதவுகளுக்குப் பூட்டு வேண்டாம் என்று மருத்துவமனையே முடிவு செய்தது. வெளிவாசலைத் தவிர மற்ற எல்லாக் கதவுகளையும் சும்மா சாத்தி வைத்தால் போதும். பூட்டுகள் போயின, என் மனைவி போகவில்லை. முன்னே ஓடித் திறந்துகொண்டேதான் இருந்தாள். நான் தச்சு வேலைக்காரன், வாழ்நாளெல்லாம் கதவு செய்தவன். நான் மாட்டிய கதவுகளை எல்லாம் சேர்த்தாலும் அவள் ஒரு மாதத்தில் திறந்த கணக்குக்கு வராது என்று கேலி செய்வேன். அதில் அவளுக்குப் பெருமைதான். எனக்கும் பெருமைதான், சொல்லிக்கொண்டதில்லை.

டீச்சர் அந்த வார்டுக்கு வந்தது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தலைக்குள் யாரோ விடாமல் தப்புத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள் என்று, அவர்களைத் திருத்தித் திருத்தியே தூக்கம் தொலைத்தவர். கடைசியில் வீதியில் நின்று சத்தம் போட்டுத் திருத்த ஆரம்பித்தபோது தங்கை கொண்டுவந்து சேர்த்தாள். மருந்து பிடித்தது. இரண்டு மூன்று வருடத்தில் தலைக்குள் இருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். அதன்பிறகு டீச்சர் வார்டில் இருந்த ஒரே காரணம், போக இடம் இல்லை. தங்கை ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தாள்.

வேலைக்கொட்டகையில் டீச்சர் காகித உறை ஒட்டுவார். நூறு நூறாகக் கட்டி வைப்பார், ஒரு கட்டிலும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதிகம் பேச மாட்டார். யார் மனதையும் நோகடிக்க மாட்டார். எதற்கும் முண்டியடிக்காமல் ஒதுங்கி நிற்பார். "முப்பத்திரண்டு பேரும் டீச்சர் மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்று என் மனைவி சொல்வாள். அப்போது அது எங்களுக்கு நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

தங்கைக்கு ஒருவழியாக ஓர் அறை கூடுதலாக உள்ள வீடு அமைந்தது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அக்காவை அழைத்துக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். ஒரேயடியாக அனுப்பிவிட மாட்டார்கள், முதலில் பத்து நாள் அனுப்பிப் பார்ப்பார்கள். டிரையல் லீவு என்று பெயர். பத்து நாளும் நல்லபடியாகப் போனால் பிறகு நிரந்தரமாக வீடு.

டீச்சர் நாலாம் நாளே திரும்பி வந்தார். தங்கை கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, அக்கா குளியலறைக்குள் ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாராம். மூன்று மாதம் கழித்து மறுபடி அனுப்பினார்கள். ஆறாம் நாள் திரும்பினார். இந்த முறை தங்கை வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்திருக்கிறாள். மேசையில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு அப்படியே இருந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். உடுத்தியிருந்த துணி நனைந்து காய்ந்திருந்தது. காலையிலிருந்து நின்ற கால் வீங்கியிருந்தது.

நோய் திரும்பிவிட்டது, ஆள் மரத்துப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பெரிய டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். டீச்சர் உறை ஒட்டும்போதே தூங்கி விழுந்தார். உறைக் கட்டு ஒன்றில் தொண்ணூற்றாறு இருந்தது, இன்னொன்றில் நூற்று மூன்று இருந்தது. என் மனைவி மூக்குக்கு மேல் கோபத்தோடு தங்கையைத் திட்டித் தீர்த்தாள். "கூடப்பொறந்த அக்காவைப் பத்து நாள் பாத்துக்கத் துப்பில்ல. என் வார்டுல பன்னெண்டு வருஷம் இருந்தாங்களே, ஒரு நாள் இப்படி நின்னதுண்டா?" ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தங்கைதான் தொட்டுக்கொள்ள.

அதற்குள் ஒரு பட்டியல் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் வார்டில் இருப்பவர்களையும் அழைத்துப்போக ஆள் இல்லாதவர்களையும் ஆறு மணி நேரப் பயணத்தில் உள்ள காப்பகத்துக்கு மாற்றப்போகிறார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வீட்டுக்குப் போனதாக என் மனைவி கேள்விப்பட்டதில்லை. பட்டியலில் டீச்சர் பெயர் ஏழாவதாக இருந்தது. தங்கை ஓடி வந்தாள். கணவரிடம் எப்படியோ பேசி, இன்னும் ஒரே ஒரு முறை முயன்று பார்க்கச் சம்மதம் வாங்கியிருந்தாள். அதுவும் தவறினால் காப்பகம்தான். நடுவில் ஏழு வாரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். பத்து நாள் வீட்டில் படுக்கை. அவள் இடத்துக்கு வேறு வார்டிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பதினோராம் நாள் வேலைக்குப் போனவள், மாலையில் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

"என்ன, கால் வலிக்குதா?"

"வலிக்கல."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"அந்தப் பொண்ணு சொன்னா. 'அக்கா, உங்க டீச்சருக்கு ரொம்பத் திமிரு. சாப்பாட்டுக் கூடத்துக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு, தள்ளிக்கிட்டு உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாங்க. கதவு முன்னாடியே நிக்கிறாங்க. ரெண்டு வேளை சாப்பிடல'ன்னா."

நான் புரியாமல் பார்த்தேன்.

"மத்தவங்க தள்ளிக்கிட்டுப் போயிடுறாங்க. இல்லன்னா கத்துறாங்க, தட்டுறாங்க. டீச்சர் நல்லவங்க. அவங்க தட்ட மாட்டாங்க, கத்த மாட்டாங்க. யாராவது திறப்பாங்கன்னு நிப்பாங்க. வந்த புதுசுல தாழ்ப்பாளைத் தொட்டா நாங்கதான் திட்டுவோம், தொடாதீங்கன்னு. அப்புறம் நான் தொட விட்டதே இல்ல. நான் இல்லாத நேரத்துல மத்தவங்க திறக்கும்போது கூடவே நுழைஞ்சிருப்பாங்க. பன்னெண்டு வருஷங்க. பன்னெண்டு வருஷமா அந்தக் கை ஒரு கதவைத் திறக்கல." அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். "தங்கச்சியை அந்தத் திட்டு திட்டினேனே. நான்தாங்க அவங்களை இப்படி ஆக்கி வெச்சிருக்கேன்."

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நல்லதுக்குத்தானே செய்தாய் என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவள் காலிலிருந்து செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தேன்.

மறுநாள் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். இருபத்தாறு வருடத்தில் அந்த அறைக்குள் கோப்பு கொண்டுபோய் வைத்திருக்கிறாளே தவிர, வாய் திறந்து பேசியதில்லை. அன்று, தப்பு என் மேல் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா டீச்சரின் கோப்பை எடுத்துப் புரட்டினாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "மாத்திரையைக் கூட்டினது நான். அது யார் தப்பு?" என்று கேட்டுவிட்டு, பழைய அளவுக்கே குறைத்து எழுதினார். "அஞ்சு வாரம் இருக்கும்மா. உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்றார்.

முடிந்தது என்பதில் நானும் சேர்த்தி என்று அன்றிரவு தெரிந்தது.

"ஏங்க, எனக்கு ஒரு கதவு வேணும்."

"எந்த வீட்டுக்கு?"

"வீடெல்லாம் இல்ல. சும்மா ஒரு கதவு. நிலையோட, தானா நிக்கணும். கொட்டகையில வைக்கப்போறேன்."

இந்த வயதுவரை சுவர் இல்லாத கதவு நான் செய்ததில்லை. முதலில் தங்கை வீட்டுக் கதவுகள் எப்படி என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி அளவுநாடாவோடு போனேன். தங்கை தபால் அலுவலக வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருத்து, பார்த்தாலே சோர்வு தெரிந்தது. கதவை அளக்க வந்த ஆளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் படுக்கையறைக் கதவைக் காட்டினாள்.

"நான் பூட்டவே இல்லைங்க. கொசு வருதேன்னு சும்மா சாத்திட்டுப் போனேன், அவ்வளவுதான்."

படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளிருந்து திறந்து பார்த்தேன். கீழே தரையில் இறுக்கிப் பிடித்தது. ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தால்தான் வந்தது. கைப்பிடியைத் தொட்டே பழகாதவருக்கு அது பூட்டிய கதவுதான். கழற்றிப் போட்டு இழைப்புளியால் அடிப்பக்கத்தை இழைத்துக் கொடுத்தேன். அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மரச்சுருளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அக்காவைத் திட்டிட்டேன். ஏன் இப்படி நிக்கிறேன்னு. அதுக்கு அக்கா என்ன சொல்லிச்சு தெரியுமா? 'நீ எப்படியும் வருவேன்னு தெரியும், அதான் நின்னேன்'னு சொல்லிச்சு."

நான் இழைப்பதை நிறுத்தாமல் குனிந்தே இருந்தேன். நிமிர்ந்தால் நன்றாக இருந்திருக்காது.

ஒரு வாரத்தில் கதவு தயாரானது. தங்கை வீட்டில் இருப்பது போலவே அழுத்தித் திறக்கும் கைப்பிடி, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். நிலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துக் கொட்டகையின் நடுவில் நிறுத்தினேன். கதவக்காவின் வீட்டுக்காரர் என்று தெரிந்ததும் வார்டில் எல்லாரும் மாமா மாமா என்று சூழ்ந்துகொண்டார்கள். ஒரே காலையில் எனக்கு முப்பத்திரண்டு மச்சினிகள். "மாமா, இது எந்த வீட்டுக் கதவு?" என்று ஒருவர் கேட்டார். "வீடு பின்னால வருதும்மா, கதவு முன்னாடி வந்துடுச்சு" என்றேன். வார்டே சிரித்தது.

அங்கே மந்திரியம்மா என்று ஒருவர் உண்டு. தன்னை யாரும் கேட்காமலே எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவதால் வந்த பெயர். திறப்பு விழா தான்தான் நடத்துவேன் என்று முன்னால் வந்தார். மூன்று நிமிடம் பேசினார், முதல் இரண்டு நிமிடம் அவரைப் பற்றி. பிறகு கைப்பிடியை அழுத்தித் திறந்து, அந்தப்பக்கம் போய், சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். பிடித்துப்போயிற்று. அன்று பகல் முழுக்கத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தார்.

டீச்சரை என் மனைவி கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "திறங்க டீச்சர்" என்றாள். டீச்சர் தலையசைத்தார். திறக்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு மற்றவர்கள் போனார்கள், வந்தார்கள். சுவரே இல்லாத கதவு, பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தால் அந்தப்பக்கம் போய்விடலாம். டீச்சர் அதையும் செய்யவில்லை. நாற்பது நிமிடம் நின்றார். இடையிடையே என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை, கதவக்காவுக்கு இன்று என்ன ஆயிற்று என்று கவலைப்படுவது போல. என் மனைவி வெளிர்நீலக் கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு முஷ்டியை இறுக்கிக்கொண்டு நின்றாளாம். இரவு பார்த்தபோது உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருந்தது.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரே ஒரு மாற்றம், மாத்திரை குறைந்ததில் டீச்சர் தெளிந்தார். ஒரு நாள் மந்திரியம்மா களைத்து உட்கார்ந்தபோது டீச்சர் மெதுவாக, "நாப்பத்தேழு தடவை திறந்தீங்க. நாப்பத்தாறு தடவைதான் சாத்தினீங்க" என்றார். பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. என் மனைவி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், "எண்ணத் தெரியுது, திறக்கத் தெரியலையே" என்று கண்ணைத் துடைத்தாள்.

நாலாவது வாரம் சலவைத் துணி வந்த நாள். துவைத்து மடித்த போர்வைகளை மோவாய் வரைக்கும் அடுக்கிக்கொண்டு என் மனைவி துணி அறைக்குப் போனாள். வழக்கமாகப் போகிறபோதே கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் துணியைத் தூக்குவாள். அன்று மறந்துவிட்டாள். கால் வேறு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. கதவு சாத்தியிருந்தது. கீழே வைத்தால் மடிப்பெல்லாம் கலையும். முட்டியால் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறாள். நான் நம்புகிறேன், அவளுக்குத் தலைகீழாக நின்றாலும் நடிக்க வராது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சரின் நடை என்று அவளுக்குத் தெரியும். சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. போர்வைக்கு மேலாக எட்டிப் பார்த்தால், ஒரு கை நீண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு முறை தவறாக மேல்நோக்கித் தூக்கியது. பிறகு அழுத்தியது. கதவு திறந்தது.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க கதவக்கா? உள்ள போங்க" என்றார் டீச்சர்.

போர்வைகள் அத்தனையும் தரையில் விழுந்தன. என் மனைவி அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள். டீச்சர் பயந்துபோய், நான் தொட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாராம்.

அதன்பிறகு விஷயம் பிடிபட்டது. தனக்காக டீச்சர் திறக்க மாட்டார். இன்னொருவர் நின்றால் பொறுக்காமல் திறப்பார். என் மனைவி கொட்டகைக் கதவுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டாள். டீச்சர் திறந்தார். மந்திரியம்மா போய் நின்றார், அவருக்கும் திறந்தார். ஆனால் தங்கை வீட்டில் பகலெல்லாம் யார் போய் நிற்பார்கள்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டு, மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள்.

"டீச்சர், பசங்களுக்குக் கணக்குச் சொல்லித்தருவீங்களே, ஒருத்தன் ஒரு வேலையைப் பத்து நாள்ல முடிக்கிறான்னு. யாரு அந்த ஒருத்தன்?"

"யாரும் இல்ல. அப்படி வெச்சுக்கறதுதான்."

"அப்படின்னா இந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் நிக்கிறாருன்னு வெச்சுக்குவோமா?"

டீச்சர் யோசித்தார். கணக்கில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் கதவையே பார்த்தார். "வெச்சுக்கலாம்" என்றார். கையை நீட்டித் திறந்தார். அந்தப்பக்கம் யாரும் இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, கடந்துபோய் உறைகளை எண்ண உட்கார்ந்தார்.

மீதி இருந்த நாட்களில் வார்டின் எல்லாக் கதவுகளையும் அவரே திறந்தார். என் மனைவி பின்னால் நடந்தாள். பின்னால் நடப்பது அவளுக்குப் பழக்கமில்லை, இரண்டு முறை டீச்சரின் குதிகாலை மிதித்துவிட்டாள்.

டிரையல் லீவுக்குத் தங்கை வந்து அழைத்துப்போனாள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று என் மனைவி எண்ணத் தொடங்கினாள். தொலைபேசி மணி அடித்தாலே பதறினாள். நாலாம் நாள் தாண்டியது. ஆறாம் நாள் அவளுக்கு வார விடுமுறை. போன முறை எல்லாம் கெட்டுப்போனது ஆறாம் நாள்தான். தங்கை வேலைக்குப் போயிருப்பாள், அவள் கணவரும் இருக்க மாட்டார். "வாங்க, பாத்துட்டு வந்துடலாம்" என்று என்னைக் கிளப்பிவிட்டாள். முற்பகல் பதினொரு மணிக்கு மூன்று மாடி ஏறி அந்தக் கதவின் முன்னால் நின்றோம்.

என் மனைவி அழைப்பு மணியை அடித்தாள். உள்ளே மணி ஒலித்தது எங்களுக்கே கேட்டது. பதில் இல்லை. மறுபடி அடித்தாள். அடுத்த வீட்டிலிருந்து வானொலிச் சத்தம் மட்டும் வந்தது. என் மனைவியின் கை கைப்பிடிக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படுக்கையறையில மாட்டிக்கிட்டாங்களோ? மறுபடி இறுக்கியிருக்குமோ?"

"நான் இழைச்ச கதவு. இறுக்காது."

வாய்தான் சொன்னது. என் வேலையின் மேல் எனக்கு அன்றுபோல் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. முழுசாக ஓர் அரை அங்குலம் இழைத்திருக்கலாமோ, இரண்டு கீலுக்கும் எண்ணெய் விட்டேனா என்று மனம் அடித்துக்கொண்டது. கதவுகளின் அந்தப்பக்கம் நிற்கிறவர்களுக்காக இருபத்தாறு வருடம் ஓடியவள், இப்போது தானே நின்றாள். தட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்தது. காலடிகள் வந்தன. தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் கொஞ்சம் சிக்கி, பிறகு நகர்ந்தது. கதவு திறந்தது.

டீச்சர் ஈரத் தலையோடு நின்றார். குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் வேறு யாராவது உண்டா என்று எட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல விரிந்தது.

"அஞ்சு நாளா யாரோ நிக்கிறாங்கன்னு வெச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு கதவையும் திறக்கறேன் கதவக்கா. இன்னைக்குத்தான் நெஜமாவே ஆள் நிக்குது. உள்ள வாங்க."

கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு வழிவிட்டு நின்றார். யாரிடம் கற்றது என்று கேட்கத் தேவையில்லை. நாங்கள் உள்ளே போகும்போது அவர் உதடு அசைந்தது. எங்களை எண்ணினார்.

டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். என் மனைவி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். வாங்கி வந்த பழத்தைக் கொடுத்தோம், அக்கம்பக்கத்துக் கதை பேசினோம். அடுத்த வீட்டுப் பையனுக்குப் பின்னம் வரவில்லையாம், வரச் சொல்லியிருக்கிறாராம். பத்து நாள் முடிந்ததும் பெரிய டாக்டரம்மா பட்டியலில் ஏழாவது பெயரைக் கோடு போட்டு அடித்ததெல்லாம் பிறகு நடந்தது. எங்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். நாங்கள் படியிறங்க ஆரம்பித்ததும் கதவைச் சாத்தினார். அதன்பின் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி ஒரு படியில் ஒரு காலும் அடுத்த படியில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடம் வெளியிலிருந்து மற்றவர்கள் பூட்டித்தான் டீச்சருக்குத் தெரியும். இப்போது அவர் வீட்டை அவரே உள்ளிருந்து சாத்திக்கொள்கிறார். "கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. கேட்டது என்றேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினோம்.

கீழே தெருவுக்குப் போகும் பெரிய கதவு சாத்தியிருந்தது. வழக்கம்போல அவள் ஓடித் திறப்பாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவின் முன்னால் நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"நீங்க திறங்க. எனக்கு இன்னைக்கு லீவு."

நான் திறந்தேன். அவள் எனக்கு முன்னால் நடந்துபோனாள். ஒருத்திதான், இருந்தாலும் எண்ணிக்கொண்டேன்.